வழு யார் பொறுப்பு?

கேள்வி: நான் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. எங்கள் ஆய்வகக் கணினிகளில் டெபியன் 12 போட்டிருக்கிறோம். போன மாதம் வழக்கமான அப்டேட் போட்டோம். அதற்குப் பிறகு பிடிஎஃப் பாடப்புத்தகத்தைத் திறந்து அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் மென்பொருள் தானாக மூடிக்கொள்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தேடினால் ஒன்றும் ஆவதில்லை. மென்பொருளை எழுதியவர்களுக்கே தெரிவித்தேன். "உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு, உங்கள் டிஸ்ட்ரோவிடம் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். டிஸ்ட்ரோவில் யாரிடம் சொல்வது? எனக்கு புரோகிராமிங் கொஞ்சம்தான் தெரியும். ஆங்கிலமும் சரளமாக எழுத வராது. என்னைப் போன்றவர்கள் சொன்னால் எடுத்துக்கொள்வார்களா?

— கணினி ஆசிரியை ஒருவர், விருதுநகர் மாவட்டம்

பதில்: எடுத்துக்கொள்வார்கள். டெபியனின் வழுப் பட்டியலில் வரிசை எண் 2021இலேயே பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. அவ்வளவையும் புரோகிராமர்களே எழுதியிருக்க முடியாது. தவிர, உங்கள் கடிதத்திலேயே பாதி அறிக்கை இருக்கிறது. "ஆங்கிலச் சொல்லைத் தேடினால் ஒன்றும் ஆவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. வழு வரும் இடத்தோடு வராத இடத்தையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

முதலில் யாரிடம் சொல்வது என்பதைப் பார்ப்போம். வீட்டில் கரண்ட் போனால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். நம் வீட்டில் மட்டும் இல்லையென்றால் ஃபியூஸ், தெருவே இருட்டு என்றால் டிரான்ஸ்ஃபார்மர், ஊரே இருட்டு என்றால் துணைமின் நிலையம். மூன்றுக்கும் வேறு வேறு ஆள். லினக்ஸில் வரும் வழுவுக்கும் இந்த மூன்று இடங்கள் உண்டு: உங்கள் கணினியின் செட்டிங்கில், டெபியன் கட்டிக் கொடுத்த பேக்கேஜில், அல்லது மென்பொருளை முதலில் எழுதியவரின் நிரலில். அந்தக் கடைசி ஆளை அப்ஸ்ட்ரீம் என்பார்கள். அவருடைய நிரலை எடுத்து, டெபியனின் விதிகளுக்கு ஏற்பக் கட்டி, வேண்டிய இடத்தில் சொந்தமாகப் பேட்ச் சேர்த்துத் தருபவர் டெபியனின் பராமரிப்பாளர். டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. டெபியன் டெவலப்பர்களோ ஏறத்தாழ ஆயிரம் பேர், பெரும்பாலும் தன்னார்வலர்கள். பேக்கேஜுக்கு ஓர் ஆள் என்ற கணக்குக்கே வராது.

உங்களுக்கு வந்த ஒருவரிப் பதில் முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் அவர்கள் சொன்னது நியாயம்தான். டெபியன் 12 வெளியானது 2023 ஜூனில். ஸ்டேபிள் என்று பெயர் வாங்கிய நாளிலிருந்து அதிலுள்ள பேக்கேஜ்களின் பதிப்பு உறைந்துவிடும். பாதுகாப்புத் திருத்தமும் மிக முக்கியமான சில திருத்தங்களும் மட்டும்தான் அதன்பின் உள்ளே வரும். அப்ஸ்ட்ரீம் ஆட்கள் இதற்குள் பல பதிப்புகள் தள்ளிப் போயிருப்பார்கள். ஆண்டுகளுக்கு முன் தாங்கள் சரிசெய்துவிட்ட வழுவைப் பற்றி வாரம் ஒரு கடிதம் வந்தால் யாருக்கும் சலிப்புத் தட்டும். எக்ஸ்ஸ்க்ரீன்சேவரை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி இந்தச் சலிப்பிலேயே, பதிப்பு மிகப் பழையதானால் திரையில் எச்சரிக்கை காட்டும்படி தன் நிரலில் எழுதி வைத்தார். 2016இல் டெபியன் ஸ்டேபிள் வைத்திருந்தவர்களின் பூட்டுத் திரையில் அந்த எச்சரிக்கை வந்து நிற்க, அதுவே டெபியனில் ஒரு வழு அறிக்கையாகப் பதிவாகிப் பெரிய வாக்குவாதம் ஆனது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. நடுவில் மாட்டியவர் பயனர்.

"பழைய பதிப்பு" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டெர்மினலில் ஆப்ட் பாலிசி என்று அடித்து பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் பதிப்பு எண் முழுதாக வரும். டெபியன் 12இல், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்கு ஒரு சமயம் அது 1:9.2பி1-2+டெப்12யூ3 என்று இருந்தது. நடுவில் உள்ள 9.2பி1 அப்ஸ்ட்ரீம் கொடுத்த எண். இணைப்புக் குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் டெபியனுடைய கைவேலை. அந்த 2, டெபியனில் அது இரண்டாம் முறை கட்டப்பட்டதைக் காட்டுகிறது. டெப்12யூ3 என்றால் டெபியன் 12 வெளியான பின் அதற்குள் வந்த மூன்றாவது திருத்தம். 2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் ரெக்ரெஷன் என்று பெயரிடப்பட்ட பெரிய ஓட்டை தெரியவந்தது. அப்ஸ்ட்ரீம் அதை 9.8இல் அடைத்தது. டெபியன் பதிப்பை மாற்றாமல், அடைப்பை மட்டும் வெட்டி 9.2இல் ஒட்டியது. அதுதான் அந்த யூ3. 9.2 என்ற எண்ணை மட்டும் பார்த்தவர் ஓட்டை இன்னும் இருக்கிறது என்றே நினைத்திருப்பார். அதனால் அறிக்கையில் "9.2" என்று சுருக்காமல் வாலோடு முழு எண்ணையும் எழுத வேண்டும்.

பேக்கேஜில் வழு என்றால் முதலில் டிஸ்ட்ரோவிடம் சொல்லுங்கள் என்று நான் எப்போதும் சொல்வதற்கு இந்த ஒட்டுவேலைதான் காரணம். 2006 செப்டம்பரில் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று புகார் சொல்கிறது என்பதற்காகச் சில வரிகள் நீக்கப்பட்டன. அந்த வரிகளோடு, ரகசிய சாவி செய்யத் தேவையான தற்செயல்தன்மையும் சேர்ந்து போய்விட்டது. மிஞ்சியது புராசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். அவ்வளவையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ இருபது மாதம் இது யார் கண்ணிலும் படவில்லை. டெபியன் டெவலப்பரான லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியானது. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் செய்த எஸ்எஸ்ஹெச் சாவிகளை உலகம் முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அப்ஸ்ட்ரீம் நிரலில் அந்த வழு இருந்ததே இல்லை. அவர்களிடம் போய்ச் சொல்லியிருந்தால் "எங்களிடம் சரியாகத்தான் இருக்கிறது" என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது உண்மையும்கூட.

இனி உங்கள் பிடிஎஃப். க்னோம் மேசைத்தளம் என்றால் மெனுவில் "டாக்குமென்ட் வியூவர்" என்று இருக்கும். அந்தப் பெயரில் பேக்கேஜ் கிடையாது, பேக்கேஜின் பெயர் எவின்ஸ். மெனுப் பெயரும் பேக்கேஜ் பெயரும் ஒத்துப்போகாத இடத்தில் டிபிகேஜி கட்டளையோடு பெரிய எழுத்து எஸ் ஆப்ஷனையும் கோப்பின் பாதையையும் கொடுத்தால், அது எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும்.

எவின்ஸ் ஒரு ஜன்னல்தான். பிடிஎஃபைப் படித்து, எழுத்தைப் பிரித்து, தேடிக் கொடுப்பது பாப்ளர் என்ற லைப்ரரி. கேடிஇயின் ஆக்குலரும் அதே பாப்ளரைத்தான் நம்பியிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அப்படியல்ல, அதற்குள் பிடிஎஃப்.ஜேஎஸ் என்ற தனி இயந்திரம் இருக்கிறது. எனவே அதே புத்தகத்தில் அதே சொல்லை ஆக்குலரிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தேடிப் பாருங்கள். எவின்ஸும் ஆக்குலரும் சாய்ந்து ஃபயர்ஃபாக்ஸ் நின்றால் சந்தேகம் பாப்ளர் மேல். எவின்ஸ் மட்டும் சாய்ந்தால் எவின்ஸையோ அது தன் ஜன்னலுக்குப் பயன்படுத்தும் ஜிடிகேவையோ முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் தோன்றக்கூடியது. தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டாமல், வேறெங்கிருந்தாவது காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள். ஒட்டும்போது ஒன்றும் ஆகாமல், தட்டும்போது மட்டும் மூடிக்கொண்டால் வழு பிடிஎஃப் பக்கமே இல்லை. தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டுவந்து தரும் ஐபஸ், எம்17என் பக்கம் போக வேண்டும். பெங்களூரிலோ பெர்லினிலோ உட்கார்ந்திருக்கும் பராமரிப்பாளருக்கு இதைச் சோதிக்கத் தோன்றாது. உங்களுக்குத் தோன்றும்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். தேடினால் சொல் அகப்படவில்லை என்பது வேறு புகார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃபில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள், கண்ணுக்குத்தான் தமிழாகத் தெரியும். யூனிகோட் தமிழில் தேடினால் எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது. அது வழுவும் அல்ல. மென்பொருள் மூடிக்கொள்வதோ எப்படிப் பார்த்தாலும் வழு. உள்ளே குப்பையே இருந்தாலும் நிரல் விழக்கூடாது.

"அப்டேட் போட்ட பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அப்டேட்? இதற்கு ஞாபகத்தை நம்ப வேண்டாம். வார் டைரக்டரிக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அங்கே ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பு. எந்த நாள், எந்த நேரம், எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது என்று வரி வரியாக இருக்கும். ஸ்டேபிளில் அப்டேட்டே குறைவு என்பதால் பட்டியல் நீளாது. அதில் லிப்பாப்ளர்126 என்ற பெயர் இருந்தால் கிட்டத்தட்ட பிடித்துவிட்டீர்கள். டெபியன் தான் வெளியிட்ட பழைய பதிப்புகளையெல்லாம் ஸ்னாப்ஷாட் என்ற களஞ்சியத்தில் 2005 முதல் நாள்வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரே ஒரு கணினியில் அங்கிருந்து முந்தைய பதிப்பை எடுத்துப் போட்டுப் பாருங்கள். தேடல் ஒழுங்காக நடந்தால், "இந்தப் பதிப்பு வரை சரி, இதிலிருந்து தவறு" என்று உங்களால் சொல்ல முடியும். ஒரு வழு அறிக்கையில் இதைவிடப் பெரிய வாக்கியம் இல்லை. பராமரிப்பாளர் இரண்டு பதிப்புகளுக்கும் நடுவிலுள்ள மாற்றங்களை மட்டும் பார்த்தால் போதும். அந்த அப்டேட் பாதுகாப்புத் திருத்தமாக இருந்து, அதுவே புது வழுவைக் கொண்டுவந்திருந்தால், டெபியன் அதே அறிவிப்பு எண்ணுக்கு இரண்டாம் திருத்தம் என்று போட்டுச் சரிசெய்வது வழக்கம். சோதனை முடிந்ததும் அந்தக் கணினியை மறக்காமல் புதிய பதிப்புக்கே திருப்பிவிடுங்கள்.

டெபியன் 13 கடந்த 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்துவிட்டது. "13இலும் வருகிறதா?" என்பதுதான் உங்களிடம் வரப்போகும் முதல் கேள்வி. அதற்காக ஆய்வகம் முழுவதையும் மாற்ற வேண்டாம். 13இன் லைவ் பதிப்பை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து ஒரு கணினியை எழுப்பினால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே சோதித்துவிடலாம்.

எழுதும் முன், வேறு யாராவது முன்பே சொல்லிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இதற்குத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. ரிப்போர்ட்பக் என்று ஒரு கருவி இருக்கிறது, டெபியனில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், இல்லையென்றால் ஆப்ட் வழியாகப் போட்டுக்கொள்ளலாம். பேக்கேஜின் பெயரைக் கொடுத்ததும் அதன்மேல் ஏற்கெனவே உள்ள வழுக்களையெல்லாம் கொட்டிக் காட்டும். உங்களுடையதைப் போல ஒன்று இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதிலேயே உங்கள் விவரத்தைச் சேருங்கள். ஆனால் "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதுவதில் யாருக்கும் பயனில்லை. "எனக்கும், ஆனால் தமிழில் தேடும்போது மட்டும்" என்றால் பயனுண்டு. இல்லையென்றால் புதிய அறிக்கை. பதிப்பு எண், கர்னல், பேக்கேஜ் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் பதிப்புகள் எல்லாவற்றையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். உங்களுக்கு விடுவது நான்கு கேள்விகள்தான்: இது எப்படி ஆரம்பித்தது, என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும்.

முடித்ததும் அது மின்னஞ்சலாகப் போகும். கணினியில் மெயில் சர்வர் இல்லையென்றால் டெபியனின் சொந்த சர்வர் வழியாக அனுப்பிவிடும். இந்த வழுப் பதிவு முறையை 1994இல் இயன் ஜாக்சன் எழுதினார். அன்று முதல் இன்று வரை எல்லாம் மின்னஞ்சலில்தான். ஒவ்வொரு வழுவுக்கும் சொந்தமாக ஒரு முகவரி உண்டு, அதற்குக் கடிதம் போட்டால் அந்த வழுவின் பக்கத்தில் சேர்ந்துவிடும். பார்க்கப் பழங்காலத்துச் சமாச்சாரம் மாதிரி இருக்கும், புதிதாக வரும் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், இணையம் தடுமாறும் ஊரிலிருந்தும் கடிதம் போய்ச் சேரும்.

அந்த நான்கு கேள்விகளுக்கான பதிலில்தான் அறிக்கை பிழைக்கும் அல்லது சாகும். "எவின்ஸ் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்" என்று தலைப்புப் போட்டு வருகிறவை நிறைய. படிப்பவர் தன் கணினியில் எவின்ஸைத் திறப்பார், அது நன்றாகத் திறக்கும், அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். உங்கள் அறிக்கை இப்படி இருக்கலாம். தலைப்பு: "தமிழ்ச் சொல்லைத் தேடினால் எவின்ஸ் செக்மென்டேஷன் ஃபால்ட் காட்டி விழுகிறது". உள்ளே: "இணைத்துள்ள ஒரு பக்க பிடிஎஃபைத் திறக்கவும். கன்ட்ரோல் எஃப் அழுத்தவும். 'மழை' என்ற சொல்லைத் தட்டவும். இரண்டாம் எழுத்து விழுந்ததும் ஜன்னல் மறைகிறது. டெர்மினலில் இருந்து திறந்தபோது வந்த செய்தி கீழே. ஆங்கிலச் சொல்லுக்கு இப்படி ஆவதில்லை. ஆக்குலரிலும் விழுகிறது, ஃபயர்ஃபாக்ஸில் இல்லை. முந்தைய பதிப்பில் இல்லை. 13இல் சோதித்தேன், அங்கே இப்படி நடந்தது." உங்கள் சோதனையில் வந்ததை வந்தபடி போடுங்கள். ஒட்டும்போது ஒரே மூச்சில் விழுகிறதென்றால் இரண்டாம் எழுத்து என்று எழுதக்கூடாது. காரணம் என்னவாக இருக்கும் என்ற உங்கள் ஊகத்தையும் எழுதலாம், ஆனால் கடைசியில், ஊகம் என்று சொல்லி எழுதுங்கள். கண்டதையும் நினைத்ததையும் கலந்து எழுதிய அறிக்கையைப் பிரிப்பதற்குள் படிப்பவருக்குப் பாதி நாள் போய்விடும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேலே உள்ளவற்றில் எந்த வாக்கியமும் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தைத் தாண்டாது. அறிக்கைகளை எழுதுபவர்களிலும் படிப்பவர்களிலும் ஏராளமானவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் கணினி தமிழ் இடைமுகத்தில் இருந்தால் பிழைச் செய்திகளும் தமிழில் வரக்கூடும், அவற்றை நீங்களே மொழிபெயர்க்காதீர்கள். டெர்மினலில் எல்சி_ஆல் என்ற மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்து மென்பொருளைத் திறந்தால் மூலச் செய்தி ஆங்கிலத்திலேயே வரும். அதை எழுத்தாகக் காப்பி செய்து போடுங்கள். திரையை மொபைலில் படம் பிடித்து அனுப்பினால் அதில் யாரும் தேடவும் முடியாது, காப்பி செய்யவும் முடியாது.

இன்னும் ஒரு படி போக விருப்பமிருந்தால் பேக்ட்ரேஸ் எடுக்கலாம். சிஸ்டம்டி-கோர்டம்ப் பேக்கேஜைப் போட்டபின் மென்பொருள் விழுந்தால், விழுந்த கணத்தில் எந்த ஃபங்ஷனுக்குள் இருந்தது என்பதை அது பதிந்து வைக்கும். ஜிடிபியில் அதைத் திறக்கும்போது தேவையான டீபக் குறியீடுகளை டெபியனின் டீபக்இன்ஃபோடி சேவையிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அது இல்லாமலும் உங்கள் அறிக்கை நிற்கும், ஆனால் இருந்தால் மேலே கேட்ட "எவின்ஸா, பாப்ளரா" என்ற கேள்விக்கு ஊகமில்லாமல் விடை கிடைத்துவிடும். அதுவரைக்கும் தெரியாவிட்டால் கண்ணுக்குத் தெரிந்த எவின்ஸ் மேலேயே பதியுங்கள். தவறான பேக்கேஜ் என்றால் பராமரிப்பாளர் ஒரு கட்டளையில் பாப்ளருக்கு மாற்றிவிடுவார், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இணைப்பாகப் போகும் பிடிஎஃப் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 1997இல் எழுதிய தன் சமூக ஒப்பந்தத்தில், குறைகளை மறைக்க மாட்டோம் என்று டெபியன் வாக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் வழுப் பதிவு முழுக்கப் பொதுவில் இருக்கும்: உங்கள் பெயர், மின்னஞ்சல் முகவரி, இணைப்புகள் எல்லாம். பிறகு வருந்தி எழுதினாலும் எடுப்பது கடினம். இதற்கென்று தனி முகவரி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பாடப்புத்தகம் என்றால் பரவாயில்லை. மதிப்பெண் பட்டியலையோ மாணவர் விவரம் உள்ள வேறெதையுமோ எந்தக் காரணத்துக்காகவும் இணைக்காதீர்கள். லிப்ரேஆஃபீஸில் நான்கு தமிழ்ச் சொற்களைத் தட்டி, பிடிஎஃபாக்கி, அதில் வழு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதுவே போதும். வரவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான், அப்போது பாப்ளர்-யூடில்ஸ் பேக்கேஜிலுள்ள பிடிஎஃப்செபரேட் கருவியால் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். முந்நூறு பக்கப் புத்தகத்தைவிட ஒரு பக்கம் எவ்வளவோ மேல்.

தீவிரம் என்ன என்று கருவி கேட்கும். ஏழு படிகள் உண்டு: மேலே கிரிட்டிகல், கீழே விஷ்லிஸ்ட். மேலுள்ள மூன்றில், அதாவது கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் என்ற நிலைகளில் ஒன்று விழுந்தால் அந்தப் பேக்கேஜ் அடுத்த வெளியீட்டுக்கே தடையாகும். சரிசெய்யாவிட்டால், அந்த அடுத்த வெளியீட்டுக்காகத் தயாராகும் டெஸ்டிங் பதிப்பிலிருந்து தூக்கப்படவும் கூடும். கவனம் கிடைக்கட்டும் என்று கிரேவ் போடுபவர்கள் இருக்கிறார்கள். பராமரிப்பாளர் முதல் வேலையாக அதை இறக்குவார், அந்த அறிக்கையை அதன்பின் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். உங்களுடையது தரவை அழிக்கவில்லை, மற்ற மென்பொருளைக் கெடுக்கவில்லை, ஆங்கிலத்தில் தேடுபவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தமிழில் படிக்கும் எல்லாரையும் தாக்குகிறது. நானாக இருந்தால் இம்பார்ட்டன்ட் போடுவேன். அவர் அதை நார்மல் ஆக்கினால் சண்டைக்குப் போக மாட்டேன்.

அனுப்பியபின் வழு எண்ணோடு ஒரு பதில் வரும். அதன்பின் சில வாரம் மௌனமாகவும் இருக்கலாம். ஏன் என்று மேலே சொன்ன ஆயிரம் பேர் கணக்கிலிருந்து தெரியும். "மோர்இன்ஃபோ" என்ற முத்திரை குத்தப்பட்டால் உங்களிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றாவது எழுதுங்கள், பேசாமல் விட்டால் ஒருநாள் மூடிவிடுவார்கள். "அப்ஸ்ட்ரீம்" என்ற முத்திரை வந்தால், வழு மூல நிரலில் இருப்பதாகப் பராமரிப்பாளர் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். அவரே அங்கே கொண்டுபோவார், அல்லது உங்களைப் போகச் சொல்வார். இரண்டாம் முறை போகும்போது உங்கள் கையில் டெபியனின் வழு எண்ணும் புதிய பதிப்பில் சோதித்த முடிவும் இருக்கும், அந்த ஒருவரிப் பதில் மறுபடி வராது.

பலர் குழம்பும் இடம் இன்னொன்று. வழு மூடப்பட்டது என்று கடிதம் வரும், உங்கள் ஆய்வகத்திலோ அது அப்படியே இருக்கும். ஏமாற்றவில்லை. திருத்தம் முதலில் சிட் என்ற அன்ஸ்டேபிளுக்குத்தான் போகும். டெபியனின் பெயர்களெல்லாம் டாய் ஸ்டோரி படத்திலிருந்து வந்தவை, சிட் அதில் பொம்மைகளை உடைக்கும் பையன். அங்கே சில நாள் தாக்குப்பிடித்தால் டெஸ்டிங்குக்கு இறங்கும். ஸ்டேபிளுக்கு வர வேண்டுமானால் வெளியீட்டுக் குழு சம்மதிக்க வேண்டும், அதுவும் சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் பாயின்ட் ரிலீஸில்தான். அதனால் "12இலும் இது வேண்டும், பள்ளிக் கணினிகள் 12இல் ஓடுகின்றன, முந்தைய பதிப்பில் இது இல்லை" என்று அந்த வழு முகவரிக்கே மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவதில் தவறில்லை. தானாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் மட்டும் இந்தப் பொதுவழி கூடாது. டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுத வேண்டும். 2024 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் டெவலப்பரான ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தன் டெபியன் சிட் கணினியில் எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். துருவிப் போனால் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ வைத்த பின்கதவு. முதலில் டெபியனுக்கு மட்டும் உரிய கோளாறு என்று நினைத்து டெபியன் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினார். கை வைத்தவரே அப்ஸ்ட்ரீமுக்குள் இருக்கிறார் என்று தெரிந்ததால் அப்ஸ்ட்ரீமுக்குத் தெரிவிக்கவில்லை. மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியன் ஸ்டேபிளுக்குள் அந்தப் பதிப்பு நுழையவே இல்லை.

உபுண்டு, மின்ட், ராஸ்ப்பெரி பை ஓஎஸ், சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், எல்லாமே நேராகவோ சுற்றியோ டெபியனிலிருந்து கிளைத்தவை. அவற்றைப் பயன்படுத்துபவர்கள் முதலில் அந்தந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களும் தங்கள் பங்குக்கு ஒட்டுப் போட்டிருப்பார்கள். உபுண்டுவில் உபுண்டு-பக் என்ற கட்டளை லாஞ்ச்பேடுக்குக் கொண்டுபோகும். அங்கே பதிவான முதல் வழு, சந்தையில் மைக்ரோசாஃப்டின் ஆதிக்கம் என்பது. 2004இல் மார்க் ஷட்டில்வொர்த் எழுதி, 2013இல் அவரே மூடினார். ஃபெடோராவுக்கு பக்ஸில்லா.

உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, பிறகு ஹிஸ்டரி.லாக், பிறகு பென் டிரைவில் 13, அதன்பின் ரிப்போர்ட்பக். ஒரு மதியத்தில் முடிகிற வேலைதான். ஃபயர்ஃபாக்ஸ் எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருக்கும். அதில் சோதித்து அது விழவில்லையென்றால், திருத்தம் வரும்வரை பிள்ளைகள் பாடப்புத்தகத்தை அதிலேயே திறந்து தேடட்டும். கோப்பு மேலாளரில் பிடிஎஃபின் மேல் வலது கிளிக் செய்து, எதில் திறப்பது என்ற இடத்தில் ஃபயர்ஃபாக்ஸைத் தேர்ந்து, எப்போதும் இதிலேயே என்பதையும் கிளிக் செய்துவிட்டால் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியதில்லை.